விந்து முந்துதல்: மருத்துவம் கடந்து வந்த பாதை

இல்லறம் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். பெண் பார்ப்பது, மஹர், மாமியார் மருமகள் உறவு, பிள்ளை வளர்ப்பு என மேடைகளிலும் ஏடுகளிலும் பேசப்படாத பொருள் இல்லை. ஆயினும் மணவறைக்குள் நிகழும் ஒரு துன்பத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்க நமக்குத் துணிவு வருவதில்லை. தாம்பத்திய உறவு தொடங்கிய சில நொடிகளிலேயே கணவனுக்கு விந்து வெளியேறிவிடுகிறது. தான் ஆண்மையற்றவன் என்று அவன் குமைகிறான். தன்மீது அவனுக்கு நாட்டமில்லை என்று மனைவி எண்ணிக்கொள்கிறாள். இருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாளடைவில் அவன் தாமதமாகப் படுக்கைக்கு வருகிறான். அவள் குழந்தையோடு வேறு அறையில் உறங்குகிறாள். பிறகு சின்னச் சின்ன காரணங்களுக்காகச் சண்டை எழுகிறது. ஜமாஅத்தின் முன் பஞ்சாயத்துக்கு வரும்போது உண்மைக் காரணத்தை இருவருமே சொல்வதில்லை.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதை நாம் அறிவோம். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கேட்காமல் இருப்பதற்கு வெட்கம் காரணமாகிவிடக் கூடாது என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். பெண்ணுக்கு உறக்கத்தில் ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்புக் கடமையா என்று உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டுத் தெளிவு பெற்றார்கள். மார்க்கத்தைக் கற்பதற்கு நாணம் தடையாக இல்லாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் நாம் அறிந்ததே. அந்தத் துணிவோடுதான் இக்கட்டுரையையும் எழுதுகிறோம்.

இத்துன்பத்தை மருத்துவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டார்கள், எங்கெங்கு தவறினார்கள், இன்று எவ்வாறு கண்டறிந்து சிகிச்சை அளிக்கிறார்கள் என்பதே நம் பொருள். மருத்துவம் ஒருகாலத்தில் செய்து பின்னர் கைவிட்ட தவறுகளை நம் வீடுகளில் நாம் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம். அதனால்தான் இந்த வரலாற்றை நாம் அறிய வேண்டியிருக்கிறது.

கூச்சமின்றி எழுதிய முற்கால மருத்துவர்கள்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரில் இப்னுல் ஜஸ்ஸார் என்ற மருத்துவர் வாழ்ந்தார். பயணிகளுக்கு மருத்துவரின்றியே உதவும் வகையில் அவர் இயற்றிய நூல் ‘ஸாதுல் முஸாஃபிர்’, அதாவது ‘பயணியின் கட்டுச்சோறு’. தலை முதல் கால் வரையிலான நோய்களைப் பேசும் அந்நூலின் ஆறாம் பகுதி முழுவதும் இனப்பெருக்க உறுப்புகளின் நோய்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் அதை இலத்தீனுக்குக் கொண்டுசென்றார். அதன்பின் ஐரோப்பிய மருத்துவப் பள்ளிகள் நூற்றாண்டுக்கணக்கில் அதைப் பாடமாக வைத்துப் படித்தன. அர்ராஸீ தாம்பத்திய உறவைப் பற்றித் தனி நூலே எழுதினார். இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ தன் மூன்றாம் தொகுதியில் உறுப்பு வாரியாக நோய்களை விளக்கும்போது ஆணின் இனப்பெருக்க உறுப்புகளையும் விட்டுவைக்கவில்லை.

இம்மரபில் வளர்ந்த யூனானி மருத்துவம் இந்நோயைச் ‘சுர்அத்தே இன்ஸால்’ என்று அழைக்கிறது. விரைந்து வெளிப்படுதல் என்பது அதன் பொருள். விந்தில் வெப்பமும் கூர்மையும் மிகுதல், உடலின் ‘தடுத்து வைக்கும் ஆற்றல்’ தளர்தல், உறுப்பின் உணர்ச்சி அளவு கடந்து கூர்மையடைதல் ஆகியவற்றை ஹகீம்கள் காரணங்களாகக் கூறினர். உடலின் நான்கு நீர்களைப் பற்றிய அக்காலக் கோட்பாட்டை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் இதைப் பாவமாகவோ கோழைத்தனமாகவோ எழுதவில்லை. செரிமானக் கோளாறைப் போல, மூட்டு வலியைப் போல, கேட்டறிந்து மருந்து தர வேண்டிய உடல்நிலையாகவே எழுதினார்கள்.

மருத்துவரல்லாத ஒருவரும் இங்கு நினைவுகூரத் தக்கவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் திருமண ஒழுக்கங்கள் பற்றிய பகுதியில், கணவன் தன் தேவை முடிந்தவுடன் விலகிவிடாமல் மனைவியின் தேவை நிறைவுறும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள். கணவன் முந்திவிடும்போது இருவருக்கும் இடையிலான அந்த வேறுபாடே மனக்கசப்புக்குக் காரணமாகிறது என்றும் குறிப்பிடுகிறார்கள். ஹிஜ்ரி 505இல் மறைந்த ஒருவர் இதில் மனைவியின் பக்கத்தைப் பார்த்துவிட்டார். மேலைநாட்டு மருத்துவம் அந்த இடத்தை அடைய 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குற்றவாளியாக்கப்பட்ட நோயாளி

நவீன மருத்துவ ஏடுகளில் இந்நோய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தனிப்பொருளாக இடம்பெறத் தொடங்கியது. அக்கால ஐரோப்பாவில் ஆணின் எந்தப் பாலியல் குறைக்கும் இளமைக்காலச் சுய இன்பப் பழக்கமே காரணம் என்று கூறிவிடுவது வழக்கம். நோயாளி சிகிச்சை கேட்டு வந்தால் கண்டனம் பெற்றுத் திரும்பினான்.

1917இல் பெர்லின் நகர மருத்துவரும் ஃபிராய்டின் முதன்மை மாணவர்களுள் ஒருவருமான கார்ல் ஆபிரகாம் இது குறித்து ஒரு புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். நோயின் வேர் ஆழ்மனத்தில் இருக்கிறது என்பது அவர் முடிவு. தன்மீதே கொண்ட மோகமும் பெண்கள்மீது தன்னையறியாமல் கொண்ட பகையுமே அவ்வாறு வெளிப்படுகின்றன என்று அவர் விளக்கினார். இதற்கு நீண்டகால மனப்பகுப்பாய்வே மருந்து என்றாயிற்று. மனைவியை நேசித்து, அவளுக்கு நிறைவு தர இயலவில்லையே என்று வருந்தி வந்த மனிதனிடம், ‘உன் உள்மனம் அவளை வெறுக்கிறது’ என்று சொல்லப்பட்டது. அச்சொல் அவனுக்கு எத்தகைய சுமையாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

மறுபுறம், சிறுநீரியல் மருத்துவர்கள் உடலில் காரணம் தேடினர். சிறுநீர்க் குழாயின் உட்பகுதியில் உணர்ச்சி மிகுந்துவிட்டது என்று கருதி வெள்ளி நைட்ரேட்டால் அவ்விடத்தைச் சுட்டவர்கள் இருந்தனர். உணர்ச்சியை மரத்துப்போகச் செய்யும் களிம்புகளைத் தந்தவர்களும் இருந்தனர். முதல் முறை மறைந்தது. இரண்டாவது இன்றும் செம்மையான வடிவில் தொடர்கிறது.

1943இல் பெர்ன்ஹார்ட் ஷப்பீரோ என்ற மருத்துவர் 1,130 நோயாளிகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். உடலும் மனமும் சேர்ந்தே இதில் இயங்குகின்றன என்றார். அவர் கண்ட மிக முக்கியமான உண்மை வேறொன்று. இந்நோயாளிகள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். சிலருக்கு முதல் உறவிலிருந்தே இப்படித்தான். சிலருக்கோ பல்லாண்டு இயல்பான வாழ்க்கைக்குப் பின், பெரும்பாலும் விறைப்புத்தன்மை குறையும்போது, இது வந்து சேர்கிறது. முதல் வகையினரின் குடும்பங்களில் வேறு ஆண்களுக்கும் இக்குறை இருப்பதையும் அவர் கவனித்தார். இவ்விரு பிரிவுகளும் இன்றளவும் மருத்துவரின் முதல் கேள்வியைத் தீர்மானிக்கின்றன.

மனைவியும் உடன் வந்தார்

1956இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் செமன்ஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை எழுதினார். அவர் முறை எளிமையானது. உச்சத்தை நெருங்கும் உணர்வு எழுந்தவுடன் கணவன் சொல்ல வேண்டும்; மனைவி தூண்டுதலை நிறுத்த வேண்டும்; உணர்வு தணிந்தபின் மீண்டும் தொடங்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும்போது, எந்தக் கட்டத்துக்குப் பின் தடுக்க இயலாது என்பதை ஆண் தன் உடலிலிருந்தே கற்றுக்கொள்கிறான். இதை ‘நிறுத்தித் தொடங்கும் முறை’ என்பர்.

இம்முறையில் புதுமை உடற்பயிற்சியில் மட்டும் இல்லை. அதுவரை மருத்துவர், நோயாளி என்ற இருவர் மட்டுமே அறையில் இருந்தனர். செமன்ஸின் முறைக்கு மூன்றாமவர் தேவைப்பட்டார். கணவன் வாய்திறந்து சொல்லாமல், மனைவி அறியாமல், அப்பயிற்சி நடவாது. மறைத்து வைத்த துன்பம் இருவரும் சேர்ந்து செய்யும் வேலையாயிற்று.

செயின்ட் லூயிஸ் நகரில் ஆய்வு செய்த வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1970இல் வெளியிட்ட நூல் இதை மேலும் பரப்பியது. உச்சம் நெருங்கும்போது ஆணுறுப்பின் முனைப்பகுதியைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கும் முறையை அவர்கள் சேர்த்தனர். கணவன் மனைவி இருவரையும் ஒன்றாகவே அழைத்துச் சிகிச்சை அளித்தனர். 97 சதவீதத்துக்கும் மேல் வெற்றி என்று அறிவித்தனர். 1974இல் ஹெலன் காப்லான் செமன்ஸின் முறையை ஒழுங்குபடுத்தி எழுதினார்.

அவ்வளவு உயர்ந்த வெற்றியைப் பிற்கால ஆய்வாளர்களால் காண இயலவில்லை. பயிற்சி முடிந்தவுடன் பலருக்கு முன்னேற்றம் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது அப்பயனில் கணிசமான பகுதி மறைந்திருந்தது. எனவே பயிற்சி பயனற்றது என்பதன்று; அது ஒன்றே எல்லோருக்கும் போதாது என்பதே அதன் பொருள். இன்றைய மருத்துவர் பயிற்சியையும் மருந்தையும் இணைத்துத் தருவதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு விரைந்தால் நோய்?

இத்தனை காலமும் ஒரு கேள்வி விடையின்றியே இருந்தது. எவ்வளவு நேரத்துக்குள் வெளியேறினால் அது ‘முந்துதல்’? 1948இல் ஆல்ஃபிரட் கின்ஸி தம் ஆய்வில், அமெரிக்க ஆண்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு இரண்டு நிமிடங்களுக்குள் விந்து வெளியேறிவிடுவதாக எழுதினார். அப்படியாயின் இது நோயே அன்று என்பது அவர் கருத்து. மாஸ்டர்ஸும் ஜான்சனும், பாதிக்குப் பாதி உறவுகளில் மனைவிக்கு நிறைவு தரும் வரை நீடிக்க இயலாவிட்டால் அது நோய் என்றனர். மனைவியின் நிலையைப் பொறுத்துக் கணவனுக்கு நோய்ப் பெயர் சூட்டுவது முறையா என்று பிறர் வினவினர். சரியான அளவுகோல் எவரிடமும் இல்லை.

1994இல் நெதர்லாந்து மருத்துவர் மார்செல் வால்டிங்கர் எளிய வழியைக் காட்டினார். உறவு தொடங்கும் கணத்திலிருந்து விந்து வெளியேறும் வரையுள்ள நேரத்தை நிறுத்தற்கடிகாரத்தால் அளப்பது. அளந்தவர்கள் மனைவியர். 2005இல் வெளியான பெரிய ஆய்வில் நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 500 தம்பதியர் நான்கு வாரங்கள் இவ்வாறு அளந்தனர்.

முடிவு பலரையும் வியக்கவைத்தது. நடுமதிப்பு 5.4 நிமிடங்கள். அதாவது பாதிப் பேர் அதற்கும் குறைவான நேரத்திலேயே முடித்திருந்தனர். மிகக் குறைந்தது அரை நிமிடத்துக்குச் சற்று மேல்; மிக அதிகம் 44 நிமிடங்கள். ஆபாசக் காட்சிகளையும் நண்பர்களின் வீண் பெருமைகளையும் அளவுகோலாகக் கொண்டு, ‘எனக்கு ஐந்து நிமிடம்தான்’ என்று கலங்கும் இளைஞன் இதை அறிந்திருக்க வேண்டும். அவன் நோயாளி அல்லன், சராசரி மனிதன்.

நம் சமூகத்தில் எழும் மற்றொரு ஐயத்துக்கும் அந்த ஆய்வு விடை தந்தது. கத்னா செய்துகொள்வது விந்து முந்துவதற்குக் காரணமாகுமா, அல்லது அதைத் தடுக்குமா? பெரும்பாலும் அனைவருமே கத்னா செய்துகொண்ட துருக்கியைத் தனியாக வைத்துவிட்டு, ஏனைய நான்கு நாடுகளில் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே கத்னாவின்மீது பழி போடுவதற்கும் இடமில்லை. அதைக் காட்டி மிகையாக வாக்களிப்பதற்கும் இடமில்லை.

இத்தகைய அளவீடுகளின் அடிப்படையில் பாலியல் மருத்துவத்துக்கான பன்னாட்டுச் சங்கம் 2008இல் ஒரு வரையறையை வகுத்து, 2014இல் அதை விரிவாக்கியது. மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே இருந்தால்தான் இது நோய். முதலாவது நேரம்: தொடக்கத்திலிருந்தே இருக்கும் வகையில் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள், பின்னர் வந்த வகையில் முன்பிருந்ததைவிட வெகுவாகக் குறைந்து ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குள். இரண்டாவது, எல்லா உறவிலும் அல்லது பெரும்பாலான உறவுகளில் தாமதப்படுத்த இயலாமை. மூன்றாவது, அதனால் மனவேதனை, விரக்தி, உறவையே தவிர்த்தல் போன்ற பாதிப்பு.

ஆய்வுகளில் ‘உங்களுக்கு இக்குறை உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டால் 20 முதல் 30 சதவீத ஆண்கள் ஆம் என்கின்றனர். மேற்சொன்ன வரையறையைப் பொருத்திப் பார்த்தால் 4 சதவீத அளவினரே தேறுவர் என்று அச்சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. இடைப்பட்ட அத்தனை பேரையும் வாட்டுவது பெரும்பாலும் தவறான ஒப்பீடும் அச்சமும்தான்.

பக்கவிளைவிலிருந்து பிறந்த மருந்து

மருந்தின் கதை தற்செயலாகத் தொடங்கியது. மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டவர்களில் சிலர், விந்து வெளியேற மிகவும் தாமதமாகிறது என்று முறையிட்டனர். அவர்களுக்குத் தொல்லையானது வேறு சிலருக்கு உதவலாமே என்று மருத்துவர்கள் சிந்தித்தனர். 1973இல் குளோமிப்ரமின் என்ற மாத்திரை இதற்குப் பயன்பட்டதாக முதல் செய்தி வெளியானது. 1994இல் வால்டிங்கர் குழுவினர் பரோக்ஸெட்டின் மாத்திரையை, மருந்தற்ற போலி மாத்திரையோடு ஒப்பிட்டு அதன் பயனை நிறுவினர்.

இம்மாத்திரைகள் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகின்றன. விந்து வெளியேற்றத்துக்கு மூளையிலிருந்து வரும் தடுப்பு ஆணையை அது வலுப்படுத்துகிறது. தொடக்கத்திலிருந்தே இக்குறை உள்ளவர்களின் நரம்பு மண்டலத்தில் அந்தத் தடுப்பு பிறவியிலேயே சற்றுத் தளர்ந்திருக்கலாம் என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. ஆழ்மனப் பகை என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஆணுக்கு, ‘உன் உடலமைப்பு இப்படி, இதில் உன் குற்றம் இல்லை’ என்று சொல்லப்பட்டது ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்துத்தான்.

நாள்தோறும் உண்ணும் இம்மாத்திரைகள் முழுப்பயன் தர ஓரிரு வாரங்கள் ஆகும். களைப்பு, குமட்டல், நாட்டக்குறைவு ஆகியவை சிலருக்கு வரலாம். குழந்தைப்பேற்றுக்கு முயல்வோர் அதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவதும் தீங்கு. பின்னர் வந்த டபோக்ஸெட்டின் மாத்திரை இந்நோய்க்கென்றே அங்கீகாரம் பெற்ற முதல் உள்மருந்து. 2009இல் பின்லாந்தும் சுவீடனும் அதற்கு முதலில் அனுமதி அளித்தன. உறவுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் முன் தேவைப்படும்போது மட்டும் உண்பது அது. நம் நாட்டிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் அனுமதி பெறவில்லை. சிலருக்குத் தலைசுற்றலும் மயக்கமும் ஏற்படுவதால் இதய நோயுள்ளவர்களும் வேறு மனநல மருந்து உண்பவர்களும் தாமாக வாங்கி உண்பது ஆபத்து.

உணர்ச்சியைக் குறைக்கும் லிடோகெய்ன் வகைக் களிம்புகளும் தெளிப்பான்களும் இன்னொரு வழி. உறவுக்கு முன் அதைக் கழுவிவிட வேண்டும், அல்லது ஆணுறை அணிய வேண்டும். இல்லையேல் மனைவிக்கும் மரத்துப்போகும். டிரமடால் என்ற வலிநிவாரணியைச் சிலர் தாமாகவே வாங்கி இதற்குப் பயன்படுத்துகின்றனர். அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து. அந்தப் பாதையில் போகாதிருப்பதே அறிவு.

மருத்துவரின் அறையில் நடப்பது என்ன?

பலரும் அஞ்சுவது இந்த அறையைத்தான். உண்மையில் இந்நோயை அறிவதில் முதன்மையான கருவி உரையாடலே. எப்போதிருந்து? எல்லா நேரமுமா, சில நேரமா? ஏறத்தாழ எவ்வளவு நேரம்? விறைப்பு சரியாக உள்ளதா? என்னென்ன மருந்து உண்கிறீர்கள்? இதனால் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் எவ்வளவு வேதனை? இவையே கேள்விகள். கடிகாரம் வைத்து அளந்துவரச் சொல்லும் தேவை பெரும்பாலும் இல்லை. தம்பதியரின் மதிப்பீடே போதுமானது. ஐந்து வினாக்கள் கொண்ட சிறு படிவம் ஒன்றையும் சிலர் நிரப்பச் சொல்வர்.

தொடக்கத்திலிருந்தே இருப்பதாயின் இரத்தப் பரிசோதனை வழக்கமாகத் தேவைப்படாது. பின்னர் வந்ததாயின் மருத்துவர் காரணம் தேடுவார். விறைப்புக் குறைவே முதல் சந்தேகம். விறைப்பு தளர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவசரப்படும் ஆணுக்கு அதைச் சீராக்கினாலே இதுவும் சரியாகிவிடும். விறைப்புக் குறைவுக்குப் பின்னால் நீரிழிவோ இரத்தக் குழாய் நோயோ மறைந்திருக்கலாம் என்பதால் அந்தச் சோதனை உயிருக்கும் நல்லது. புராஸ்டேட் அழற்சி மற்றொரு காரணம். தைராய்டு சுரப்பு மிகுதி இன்னொன்று. 2005இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், தைராய்டு மிகையாகச் சுரந்த ஆண்களில் பாதிப் பேருக்கு விந்து முந்துதல் இருந்தது. தைராய்டுக்கு மட்டும் சிகிச்சை தந்தபின் அது 15 சதவீதமாகக் குறைந்தது. லேகியம் தேடி அலைந்திருந்தால் அவர்களின் உண்மை நோய் வெளிப்பட்டே இருக்காது.

எப்போதாவது மட்டும் நேர்வதை மருத்துவர்கள் இயல்பின் ஏற்றத்தாழ்வு என்றே கருதுகின்றனர். நம் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். வளைகுடாவில் இரண்டாண்டு உழைத்துவிட்டு ஒரு மாத விடுப்பில் வரும் கணவனுக்கு முதல் சில நாள்களில் இப்படி நேர்வது வியப்பன்று. நீண்ட இடைவெளியும் ஆவலும் பதற்றமும் சேர்ந்தால் உடல் விரையும். அதை நோயென்று எண்ணி, விடுப்பு முழுவதையும் அச்சத்தில் கழித்துத் திரும்பும் கணவர்களும், காரணம் அறியாமல் கலங்கும் மனைவியரும் உண்டு. அவர்களுக்குத் தேவை மாத்திரை அன்று. ஆறுதலான ஒரு விளக்கம். புதுமணத் தம்பதியருக்கும் இதுவே பொருந்தும்.

இந்நோய்க்கு வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. முதலில் குடும்ப மருத்துவர். தேவைப்பட்டால் சிறுநீரியல் மருத்துவர் அல்லது மனநல மருத்துவர். மனநல மருத்துவரிடம் அனுப்புவது ‘பைத்தியம்’ என்பதற்காக அன்று. பதற்றத்தைத் தணிப்பதும் செரட்டோனின் மருந்துகளைக் கையாள்வதும் அவர்களின் அன்றாடப் பணி.

சுவர் விளம்பரங்களும் சட்டமும்

பேருந்து நிலையச் சுவர்களிலும் இரவு நேரத் தொலைக்காட்சியிலும் ‘இளமையில் செய்த தவறுகளுக்கு’ மருந்து தருவதாகக் கூறும் விளம்பரங்களை நாம் அறிவோம். ஊர் ஊராக விடுதிகளில் முகாமிடும் லாட்ஜ் வைத்தியர்களையும் அறிவோம். அவர்கள் விற்பது மருந்துக்கு முன்பாக அச்சத்தை. ஐரோப்பா ஒரு நூற்றாண்டுக்கு முன் கைவிட்ட அதே குற்றச்சாட்டை அவர்கள் இன்னும் நம் இளைஞர்கள்மீது சுமத்துகின்றனர். ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமம் என்ற நம்பிக்கை அவர்களின் முதலீடு. விந்து இழப்பால் உடல் தேய்கிறது என்று கவலையுற்று நோயுறுவோரை நம் நாட்டு மனநல மருத்துவர் என்.என். விக் 1960இலேயே விவரித்து, அந்நிலைக்குத் ‘தாது நோய்க்குறி’ என்று பெயரிட்டார். அங்கு விந்து நோயுறவில்லை, அச்சமே நோயாயிற்று.

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம், பாலியல் இன்ப ஆற்றலைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளிலுள்ள ‘ஜே’ அட்டவணையோ, குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாத நோய்களை வரிசைப்படுத்துகிறது. விந்து முந்துதல் அப்பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. ‘நூறு சதவீத உத்தரவாதம்’ என்று சுவரில் எழுதுபவர் மருத்துவத்தை மட்டுமன்றிச் சட்டத்தையும் மீறுகிறார். ‘மூலிகை’ என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படும் இவ்வகைப் பொருள்கள் பலவற்றில் சில்டெனாஃபில் போன்ற இரசாயன மருந்துகள் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்துள்ளது. இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவருக்கு அக்கலப்படம் உயிரையே பறிக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

ஆயிரம் ஆண்டுக் கதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். நோயாளியைக் குற்றவாளியாகக் கண்ட காலத்தில் மருத்துவம் அவனுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. மனைவியை அழைத்து அமரவைத்தபோது முதல் வெற்றி கிடைத்தது. அளந்து பார்த்தபோது பெரும்பாலோரின் அச்சம் ஆதாரமற்றது என்று தெரிந்தது. எஞ்சியவர்களுக்கு மருந்தும் பயிற்சியும் உள்ளன.

நம் வீடுகளிலும் இதே வரிசைதான் வேண்டும். கணவர், ‘எனக்கு இப்படி ஆகிறது, உன்னால் அன்று’ என்று மனைவியிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக் கூடும். மனைவி பரிகசிக்கவும் கூடாது. தன்மீதே பழி போட்டுக்கொள்ளவும் கூடாது. இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நிக்காஹ் பேசும் பெற்றோர் நகையையும் மண்டபத்தையும் பேசுவதோடு, மணமகனுக்கு நம்பிக்கையான ஒரு மருத்துவரின் பெயரையும் சொல்லி வைக்கலாம். குடும்பப் பிணக்குகளை விசாரிக்கும் ஜமாஅத்துப் பெரியவர்கள், பிரிவினைக்கு முன் தம்பதியரைத் தனித்தனியே, கண்ணியத்தோடு, மருத்துவரைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

மானத்தைக் காப்பதாக எண்ணி நாம் காக்கும் மௌனத்தால் எத்தனையோ இல்லங்கள் உடைந்திருக்கின்றன. இனி உடையவிருக்கும் ஒன்றையேனும் ஒரு மருத்துவரின் அறையில் கேட்கப்படும் ஐந்தாறு கேள்விகள் காக்குமாயின், அங்கே செல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.